கண்ணும் கணிதமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெரியோர் நிறைந்த சபையில் என் போன்ற மாணவன் வானத்தைப் பற்றிப் பேச எழுவது துணிவுதான். ஆயினும், கண்டதைச் சொல்லும்படி செயலாளர் பணித்தமையால் பேசுகின்றேன்.

மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவகம் இருக்கின்றது. யப்பானிய அரசாங்கம் அன்பளிப்புச் செய்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1996ஆம் ஆண்டு முதல் அங்கே உண்டு. பொதுமக்களுக்காக அங்கு நடந்த வான்காட்சி மாலையொன்றுக்குச் சர்வகலாசாலை நண்பர்களுடன் சென்றேன். முதலில் விரிவுரை, பின்னர் நீண்ட வரிசை. என் முறை வந்ததும், அங்கு வைத்திருந்த தொலைநோக்கியொன்றிற் கண்ணை வைத்தேன். கரிய வெளியிலே மஞ்சள் நிறமாய் ஒரு சிறு உருண்டை. அதைத் தொடாமற் சுற்றி நிற்கும் ஒரு வளையம். அதுதான் சனி! புரட்டாதிச் சனி தோறும் எள்ளெண்ணெய் எரித்து என் அம்மா அஞ்சி வணங்கும் அதே சனி. எனக்கு அச்சம் வரவில்லை, பக்தி குறையவுமில்லை. பெயரை மாத்திரம் கேட்டிருந்த ஒருவரை நேரிற் கண்டதுபோல் இருந்தது.

நான் படித்தது மிஷன் பாடசாலையில். அங்கே ஒரு வரலாறு கேட்டேன். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவி வானசாத்திரமும் கற்பித்தார்கள். 1829 மார்ச் மாதத்தில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அராலி விசுவநாத சாஸ்திரியார் அது தொடங்கும் நேரத்தையும், நீடிக்கும் நேரத்தையும், சந்திரன் மறையும் அளவையும் தமது பஞ்சாங்கத்திற் குறித்திருந்தார். செமினரியின் தானியேல் பூர் ஐயர் தம் முறைப்படி கணித்து, அவை பிழை என்றார். அன்றிரவு இரு சாராரும் வானத்தை நோக்கினர். சந்திரன் பூர் ஐயரின் கணக்கின்படியே நடந்தது. இதை வகுப்பிலே கேட்ட அன்று நான் தலைகுனிந்தேன். எங்கள் சாத்திரம் முழுவதும் தோற்றுவிட்டதென்றே எண்ணினேன்.

பின்னர் சர்வகலாசாலை நூலகத்தில் வேறொரு செய்தியைப் படித்தேன். அக்கிரகணத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1825இல், ஜோன் வாரன் என்னும் ஐரோப்பியர் புதுச்சேரிப் பகுதியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைக் கண்டார். அக்கணிதர் தாளும் எழுதுகோலும் எடுக்கவில்லை. நிலத்திலே சோகிகளை அடுக்கி, எழுத்துக்களுக்கு எண் கொடுத்து அமைத்த வாக்கியங்களை மனத்திலிருந்தே சொல்லிச் சொல்லி, அவ்வாண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் வந்த பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம்.

சபையோரே, அந்த நான்கு நிமிடத்தை நினைத்தால் பெருமை கொள்கின்றேன். ஐம்பத்திரண்டு நிமிடத்தை நினைத்தால் சிந்திக்கின்றேன். அவருக்குக் குறைந்தது அறிவுமன்று, நினைவாற்றலுமன்று. முன்னோர் வானத்தைப் பார்த்து வாக்கியங்களை அமைத்தனர். பின்வந்தோர் வாக்கியத்தைக் காத்தனர்; வானத்தைப் பார்க்க மறந்தனர். எத்துணை நல்ல மணிக்கூடாயினும் இடைக்கிடை சரிபார்க்காவிடின் பிந்திவிடும் அல்லவா?

சரிபார்ப்பது அந்நியரின் வழக்கம் என்று எவரும் எண்ணவேண்டாம். கேரளத்துப் பரமேஸ்வரர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கிரகணங்களைத் தம் கண்ணாலே பார்த்து, கணக்குக்கும் காட்சிக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்து, 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். வட்டுக்கோட்டைச் சம்பவத்துக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ‘திருக்’ என்றால் பார்வை. கண்ணாற் கண்டு திருத்திய கணக்கே திருக்கணிதம்.

இன்றும் எங்கள் வீடுகளில் இரண்டு பஞ்சாங்கம் உண்டு. சனி மீனத்துக்குப் பெயர்ந்தது 2025 மார்ச் 29 என்றது திருக்கணிதம். 2026 மார்ச் என்றது வாக்கியம். ஏறக்குறைய ஓராண்டு வேறுபாடு! எது சரியென்று திண்ணையில் வாதாடினோம். முற்றத்தில் இறங்கிச் சனி எங்கே நிற்கின்றதென்று பார்த்தவர் எத்தனை பேர்?

என் குற்றத்தையும் சொல்லிவிடுகின்றேன். 2019 டிசம்பர் 26ஆம் திகதி கங்கண சூரிய கிரகணத்தின் பாதை திருகோணமலைப் பகுதியின் மேலாகச் சென்றது. அப்போது நான் பாடசாலை மாணவன். வெளியே போகாதே என்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டினுள் இருந்தேன். உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் கடல் கடந்து தேடிப்போகும் காட்சி என் கூரைக்கு மேலே வந்து போயிற்று. பெரியோர் அஞ்சியது எங்கள் கண்ணுக்காக. அந்த அச்சம் நியாயமானதே. வெறுங்கண்ணாற் சூரியனைப் பார்ப்பது கேடு. ஆனால் மட்டையிலே ஊசித்துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, நிலத்தில் விழும் பிம்பத்தைப் பார்ப்பதற்கு அச்சமில்லை என்று சொல்லித்தர ஒருவர் இருந்திருக்கலாம்.

திரியாயின் வானம் கொழும்புக்குக் கிடையாத செல்வம். சித்திரை, வைகாசி மாதத்து அமாவாசை இரவில் வடக்கே நோக்குங்கள். கையை நீட்டிப் பிடித்த முட்டியளவு உயரத்திலே துருவ நட்சத்திரம் நிற்கும். திரும்பித் தெற்கே நோக்கினால் தென்சிலுவை தெரியும். இரண்டையும் ஒரே இரவிற் காணும் பேறு எல்லா நாட்டாருக்கும் இல்லை. எங்கள் ஊர் மலையிலுள்ள பழைய சாசனம் கடலோடுவதில் வல்ல வணிகரைப் பற்றிப் பேசுகின்றது. அத்தகையோருக்கு இரவிலே வழிகாட்டியது இந்த வானமே.

ஆகவே சங்கத்தாரிடம் என் வேண்டுகோள் இரண்டு. சிறு தொலைநோக்கியொன்றை வாங்கி, மாதந்தோறும் ஓர் அமாவாசை இரவில் ஊரார் யாவரையும் அழைத்து வானம் காட்டுவோம். அடுத்து, 2031 மே 21ஆம் திகதி தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்து இன்னொரு கங்கண கிரகணம் வருகின்றது. அதற்கு இன்றே ஆயத்தமாவோம். பஞ்சாங்கம் கணிப்போரையும் அழைப்போம். கணக்கை அவர் சொல்லட்டும், நேரத்தைப் பிள்ளைகள் குறிக்கட்டும்.

அன்றைக்கு எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் என்னைப்போற் கதவைச் சாத்திக்கொண்டு இருத்தலாகாது. இதுவே என் ஆசை.