ஒரு தெருவும் ஒரு தொழிலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இவ்விழாவிலே சமயப் பொருள் பற்றிப் பேசுவதே மரபு. நாமோ இன்று கடைத்தெருவைப் பற்றிப் பேச எழுந்திருக்கின்றோம். இதுவும் சமயத்துக்குப் புறம்பானதன்று என்பது போகப் போகப் புலனாகும்.

யாழ்ப்பாண நகரில் கஸ்தூரியார் வீதியிலும் கன்னாதிட்டியிலும் நடந்து பாருங்கள். ஒரு நகைக்கடை, அதன் பக்கத்தில் இன்னொரு நகைக்கடை, எதிரே மற்றொன்று. கொழும்பில் செட்டியார் தெருவிலும் இதே காட்சிதான். ஒரே சரக்கை விற்பவர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் விலகி இருப்பதல்லவா புத்தி? ஊருக்கொரு கடையாகப் பிரிந்தால் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் முழுவதும் சொந்தமாகுமே! இவ்வாறு கேட்கும் வாலிபர் பலர். கேள்வி நியாயமானதே.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கின்றான். மணி விற்போர் வீதி, பொன் வணிகர் வீதி, அறுவை வீதி, கூல வீதி என ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு தெருவை இளங்கோவடிகள் காட்டுகின்றார். எமது நகரிலும் தட்டாதெரு என்ற பெயர் இன்றும் வழங்குகின்றது. அங்கே முன்பு யார் தொழில் செய்தார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

இதற்குக் காரணம் என்ன? முதலாவதை நல்லூர்த் திருவிழாவிலே காணலாம். நீண்ட வீதி ஒன்றிலே கச்சான் விற்பவர் இருவர் இரு தலைப்பிலும் இருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நடுவை நோக்கிச் சிறிது நகர்ந்தால் மற்றவருடைய வாடிக்கையாளரிற் சிலரைத் தம் பக்கம் இழுக்கலாம். அதைக் கண்ட மற்றவரும் நகர்வார். ஈற்றில் இருவரும் நடுவிலே அடுத்தடுத்து இருப்பர். இதனை 1929ஆம் ஆண்டிலே ஹரோல்ட் ஹொட்டெலிங் என்ற அமெரிக்க அறிஞர் கணிதத்தால் விளக்கினார். நல்லூர் வீதியிலே கச்சான் கடைகள் வரிசையாக இருப்பதைக் காணும் எமக்கு அந்தக் கணக்கு விளங்காமற் போகாது.

ஆனால், பொன் கச்சான் அன்று. இங்கே இரண்டாவது காரணம் வருகின்றது. தாலிக்கொடி வாங்கப் புறப்படும் குடும்பம் ஒரே கடையிற் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. அம்மா ஒரு கடையில் வேலைப்பாட்டைப் பார்ப்பார். மாமி இன்னொரு கடையிற் கூலியை விசாரிப்பார். பல கடைகளை ஒப்பிட்டபின்னரே மனம் அமைதியடையும். தீவுப் பகுதியிலோ வடமராட்சியிலோ தனியாக ஒரு நகைக்கடை இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் பஸ் ஏறி நகருக்கே வருவர். ஆகவே, அயற்கடைக்காரன் எமது வாடிக்கையைப் பறிப்பவன் மட்டுமல்லன்; அதனை எமது வாசல்வரை அழைத்து வருபவனும் அவனே.

மூன்றாவது காரணம் தொழில் நுணுக்கம். கம்பி இழுப்பவர், கல் பதிப்பவர், மெருகிடுபவர், மாற்றுப் பார்ப்பவர் எனப் பலர் சேர்ந்தே ஒரு நகை உருவாகின்றது. கடைகள் அருகருகே இருந்தாற்றான் இவர்கள் எல்லோருக்கும் நாள்தோறும் வேலை கிடைக்கும். அல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலப் பொருளியலறிஞர் 1890இல் வெளியிட்ட நூலிலே, ஒரு தொழில் ஓரிடத்தில் வேரூன்றினால் அங்கு வளரும் பிள்ளைகள் தம்மை அறியாமலே அதனைக் கற்றுக்கொள்கின்றனர் என்ற கருத்தை விளக்கியுள்ளார்.

இத்துணை நன்மையிருந்தும் ஆபத்தும் உண்டு. ஓரிடத்திற் குவிந்த செல்வம் ஓரிரவில் எரியவுங் கூடும். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் எமது நூலகம் எரிந்த அந்நாட்களிலே, சந்தைப் பகுதிக் கடைகளும் எரிந்தன. 1983 ஜூலையிலே கொழும்புத் தமிழர் கடைகளுக்கும் அக்கதியே நேர்ந்தது. 1990 ஒக்டோபரில் இந்நகரின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்களுடைய கடைகள் வெறுமையாயின. அந்த நோவையும் நாம் மறைத்துப் பேசுதல் தகாது. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தது. மக்கள் திரும்பியபின் கடைத்தெருக்கள் மீண்டும் உயிர் பெற்றன. சுவர் இடிந்தாலும், இன்ன பொருளுக்கு இன்ன தெரு என்ற நினைவு மக்கள் மனத்திலே இடியவில்லை.

அந்த நினைவுக்கு அடிப்படை யாது? நம்பிக்கை. 22 கரட் பொன் என்றால் நூறு பங்கிலே ஏறக்குறைய 91.6 பங்கு தூய பொன் இருத்தல் வேண்டும். வாங்குபவர் கண்ணுக்கு அது தெரியுமா? நிறுப்பவர் சொல்லைத்தான் நம்ப வேண்டும். தெருவிலே ஒருவர் மாற்றுக் குறைத்தால், “அந்தக் கடை பிழை” என்று ஊர் சொல்வதில்லை. “அந்தத் தெருவே பிழை” என்றுதான் சொல்லும். ஒருவர் சேர்க்கும் நல்ல பெயரிலே எல்லோருக்கும் பங்குண்டு. ஒருவர் செய்யும் களவிலும் எல்லோருக்கும் நட்டமுண்டு. திருவள்ளுவர் பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வாணிகம் என்பதை நடுவுநிலைமை அதிகாரத்திலே வைத்தமை சிந்திக்கத்தக்கது. நீதிபதிக்கு வேண்டிய குணமே தராசு பிடிப்பவனுக்கும் வேண்டும். கடைத்தெருவைச் சமயத்துக்குப் புறம்பானதன்று என்றது இதனாலேயே.

வாலிபர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: வியாபாரம் தொடங்க நினைப்பவர் போட்டிக்கு அஞ்சி ஒதுங்க வேண்டாம். ஆயினும், பக்கத்துக் கடையைப் படியெடுத்தது போன்ற இன்னொரு கடையைத் திறவாதீர்கள். அங்கே இல்லாத ஒரு வேலைப்பாட்டையோ பணிவையோ கொண்டு செல்லுங்கள். கைத்தொலைபேசியிலேயே விலையை ஒப்பிடும் இக்காலத்தில், தெரு கொடுக்கக்கூடியது முகம் பார்த்துச் செய்யும் நேர்மை ஒன்றே.

இரண்டு: வாங்கும்போது நிறை, மாற்று, செய்கூலி, சேதாரம் ஆகிய நான்கும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதையன்று, நேர்மையான வியாபாரிக்கு அது துணை.

மூன்று: முன்னாளில் தெருக்கள் பிறப்பினாலே பிரிந்தன. தட்டான் மகன் தட்டான் என்று இருந்தது. பிறர் அத்தொழிலைத் தொடவில்லை, அவனும் அதைவிட்டு வெளியேற முடியவில்லை. இயந்திர நகைகள் வந்தபின், அவன் பிள்ளைகளிலே பலர் பட்டறையை விட்டு வேறு வேலை தேடிச் சென்றனர். இனி அக்கலை நிலைக்க வேண்டுமானால், விருப்பமும் கைத்திறனும் உள்ள எந்தப் பிள்ளைக்கும் பட்டறைக் கதவு திறக்க வேண்டும். அங்கே உட்காருபவருக்கு உத்தியோகத்தருக்குரிய மதிப்பும் கிடைக்க வேண்டும். எங்கள் வீடுகளிலே பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் அம்மதிப்புக் காட்டப்படுகின்றதா என்பதைப் பெரியோர்களே சொல்ல வேண்டும்.

பழைய தெருவின் நெருக்கம் இருக்கட்டும். பழைய வேலி வேண்டாம். இதனை இச்சங்கம் மனத்திற்கொள்ளுமாயின் எமது பேச்சு வீண்போகாது. எல்லாம் வல்ல இறைவன் திருவருளை வேண்டி அமைகின்றோம்.