வீட்டுக்குத் திரும்பியவர்

(வானொலியில் ஒலித்த நற்செய்திச் சிந்தனை)



மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில், கல்லறைகளுக்கிடையே அலைந்த ஒரு மனிதரைச் சந்திக்கிறோம். ஊரார் அவரைச் சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள், பயனில்லை. இயேசுவோ அவரிடம் பேசினார். நலமடைந்தவர் இயேசுவோடு வர விரும்பினார். ஆனால் இயேசு அவரைச் சொந்த வீட்டாரிடமே அனுப்பி வைத்தார்.

இந்தச் சங்கிலி நமக்கும் புதிதல்ல. 2001 ஆகஸ்ட் 6, ஆண்டவரின் உருமாற்ற விழா நாள். அன்று அதிகாலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களும் ஒரு தாயின் பிள்ளைகள்தானே!

நம் மலைக்கிராமங்களிலும், மகன் தனியே பேசிச் சிரித்தால், யாரோ தன்னைக் கொல்ல வருவதாகப் பயந்தால், "பேய் பிடித்திருக்கிறது" என்கிறோம். இல்லையென்றால், "தாய் வளர்த்த வளர்ப்பு சரியில்லை" என்கிறோம். படித்தவர்களும் இதில் தவறினார்கள். 1948-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஒருவர், மனச்சிதைவு நோய்க்குத் தாயின் போக்கே காரணம் என்ற கருத்தை எழுதினார். எத்தனையோ தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தார்கள். பிந்தைய ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. இது மூளையைப் பாதிக்கும் நோய். பெற்றோரின் பாவமும் அல்ல, சாபமும் அல்ல.

அப்படியானால் வீட்டுப் பேச்சுக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. நோயை அது உண்டாக்குவதில்லை. ஆனால் குணமாகி வரும் பிள்ளையை மீண்டும் நோயில் தள்ளவும், தாங்கிப் பிடிக்கவும் அதனால் முடியும். ஓயாத குறைகூறலும் வெறுப்பும் மிகுந்த வீட்டில் நோய் திரும்புவது அதிகம் என்று இலண்டனில் நடந்த ஆய்வுகள் காட்டின. அதே முறையில் சண்டிகரில் பார்த்தபோது, நம் நாட்டுக் குடும்பங்களில் அத்தகைய கடுமை குறைவாகவே இருந்தது. பொறுமை நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் செல்வம், அன்பர்களே! அதை இழந்துவிடலாமா?

வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு உறவினர் ஒருவரும் உடன் தங்குகிறார். குடும்பத்தையும் சேர்த்தே அங்கே சிகிச்சை நடக்கிறது.

ஆகவே, "தண்டச்சோறு" என்ற சொல் இனி நம் வீட்டில் வேண்டாம். "சாப்பிட்டாயா? மாத்திரை போட்டாயா? வா, தோட்டம் வரை நடந்து வருவோம்" என்போம். செபிப்போம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். அடுத்த அன்பியக் கூட்டத்தில், இப்படிப்பட்ட பிள்ளை உள்ள வீட்டையும் மறவாமல் அழைப்போம்.

அன்று வீடு திரும்பியவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று ஆண்டவர் விரும்பினார். அந்தக் கதவு நம்முடையதாகட்டும். ஆமென்.