மின்னஞ்சல் சர்வர் பார்ப்பவர்களுக்கு ஒரு பொதுக் குறிப்பேடு

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மின்னஞ்சல் சர்வர் பார்ப்பது ஒரு விசித்திரமான வேலை. எல்லாம் ஒழுங்காக ஓடினால் நம்மை யாருக்கும் தெரியாது. ஒரு நாள் கடிதம் போகலைன்னா, எம்.டி. முதல் வாட்ச்மேன் வரை நம் மேஜை முன்னால் நிற்பார்கள். அந்த வேலை பார்ப்பவர்கள் இந்த அரங்கிலேயே சிலர் இருக்கிறீர்கள். உங்களை நம்பித்தான் ஒரு யோசனையோடு வந்திருக்கிறேன்.

2019-ல் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் சம்பளச் சீட்டு மின்னஞ்சலில் போகும். ஒரு மாதம் பாதிப் பேருக்கு வந்தது, பாதிப் பேருக்கு வரவில்லை. சர்வரில் கோளாறு எதுவும் தெரியவில்லை. இரண்டு நாள் தேடியபின் எஸ்.பி.எஃப். பதிவில் காரணம் கிடைத்தது. நம் டொமைன் பெயரில் யாரெல்லாம் அஞ்சல் அனுப்பலாம் என்று டி.என்.எஸ்.-ல் எழுதிவைக்கும் வரி அது. வெளிச் சேவைகளை 'இன்க்ளூட்' போட்டு அதில் சேர்க்கலாம். ஆனால் அந்த வரியைச் சரிபார்க்க 10 டி.என்.எஸ். தேடலுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. விளம்பரப் பிரிவு ஒரு சேவை வாங்கியது, கணக்குப் பிரிவு இன்னொன்று வாங்கியது. ஆளுக்கொரு இன்க்ளூட், அதற்குள்ளே வேறு இன்க்ளூட். பொருத்தம் கிடைப்பதற்குள் பத்தைத் தாண்டிவிட்டது. அப்படித் தாண்டினால் நிரந்தரப் பிழை. அந்தப் பிழையை ஒரு சர்வர் கண்டுகொள்ளாது, இன்னொன்று ஸ்பாமில் தள்ளும், வேறொன்று 550 என்று திருப்பி அனுப்பும். பாதிப் பேர் கதை அதுதான்.

பிறகு பழைய டி.என்.எஸ். ஃபைல் ஒன்றைத் திறந்து பார்த்தால், அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு: 'இதற்கு மேல் சேர்க்காதே'. ஏன் என்று எழுதவில்லை. எனக்கு முன்னே இருந்தவர் இதே சுவரில் முட்டியிருக்கிறார், தீர்த்தும் இருக்கிறார். அவர் வேலையை விட்டுப் போனார். காரணமும் அவரோடு போயிடுச்சு. இதை எத்தனை ஊரில், எத்தனை பேர் முதலிலிருந்து கண்டுபிடித்திருப்பார்கள்!

கையேடு இல்லையா என்று கேட்கலாம். தாராளமா இருக்கு. சென்ட்மெயிலுக்கு 1993-ல் வந்த புத்தகம் தலையணை மாதிரி இருக்கும். வீட்ஸே வெனெமாவின் போஸ்ட்ஃபிக்ஸ் கையேடுகள் அருமையானவை. ஆனால் ஒரு செட்டிங் என்ன செய்யும் என்றுதான் கையேடு சொல்லும். அது கெட்டுப்போனால் லாகில் என்ன வரி வரும், பயனர் என்ன புகார் சொல்வார் என்பதை அடிபட்டவர்தான் சொல்ல முடியும்.

என் யோசனை இதுதான். நம் கல்லூரி மூலமாக ஒரு பொதுக் குறிப்பேடு தொடங்குவோம். ஒரு சிக்கலுக்கு ஒரு பக்கம் போதும். பயனர் சொன்னது, லாகில் வந்த வரி அப்படியே, மென்பொருளின் பதிப்பு, முயன்று பலிக்காதவை, பலித்தது, அது ஏன் பலித்தது. பலிக்காதவற்றைத்தான் எல்லோரும் எழுதாமல் விடுவார்கள். எனக்கு அதுதான் அதிக மதிப்புள்ளது. தனியார் முகவரிகளையும் பாஸ்வேர்டையும் மட்டும் கட்டாயம் அழித்துவிட வேண்டும்.

தேதி இல்லாத குறிப்பைச் சேர்க்கவே கூடாது. ஒரு காலத்தில் யார் கடிதத்தையும் வாங்கி அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவது ஒரு சர்வருக்கு மரியாதை. ஸ்பாம் வந்தபின் அதுவே குற்றமாகிவிட்டது. இன்று அப்படித் திறந்துவைத்தால் சீக்கிரமே கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறிவிடும். 2024 பிப்ரவரியில் பாருங்கள், கூகுளும் யாஹூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் வேண்டும் என்றார்கள். 2023-ல் எழுதிய நல்ல குறிப்புகூட ஒரே நாளில் பழசாகிவிட்டது. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது யாராவது சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

யார் எழுதுவது? விஷயம் தெரிந்தவருக்கு நேரம் இருக்காது, நேரம் இருப்பவருக்கு விஷயம் தெரியாது. அதனால் பழைய மாணவர் அரை மணி நேரம் பேசட்டும், இன்றைய மாணவர் ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். புரியாத இடத்தில் 'ஏன் அண்ணா?' என்று கேட்பாரே, அந்தக் கேள்விக்குத்தான் நல்ல பதில் வரும். ஒரு சின்ன எச்சரிக்கை: குறிப்பேட்டை மெயில் சர்வர் மேலேயே வைத்துவிடாதீர்கள். சர்வர் படுத்தால் மருந்துச் சீட்டும் சேர்ந்து படுத்துவிடும்!

இதில் எனக்கு ஒரு கவலையும் உண்டு. 1982-ல் ஜான் போஸ்டல் எஸ்.எம்.டி.பி. விதிகளை எழுதியபோது, எந்தக் கணினியும் எந்தக் கணினிக்கும் நேரடியாகக் கடிதம் கொடுக்கலாம் என்பதே ஏற்பாடு. இன்று சின்ன நிறுவனங்களும் கல்லூரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் சர்வரை மூடி, பெரிய கம்பெனிகளிடம் ஒப்படைக்கின்றன. பணக் கணக்கு ஒரு காரணம். ஆனால் நான் பார்த்த இடங்களில், 'பார்த்துக்க ஆள் இல்லை' என்பதுதான் பெரிய காரணம். ஆள் இருந்தார், அவருக்குத் தெரிந்தது எங்கும் எழுதப்படவில்லை.

என் பங்காக மூன்று பக்கம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். எஸ்.பி.எஃப். கதை முதல் பக்கம். தலைகீழ் டி.என்.எஸ். இல்லாததால் கடிதம் திரும்புவது இரண்டாவது. கியூவில் ஐந்து நாள் காத்திருந்துவிட்டுத் திரும்பும் கடிதங்கள் மூன்றாவது. சாப்பாட்டுக்கு அப்புறம் கணினித் துறை வகுப்பறையில் இருப்பேன். சர்வர் பார்க்கும் நண்பர்கள் உங்களை ரொம்பப் படுத்திய ஒரு சிக்கலோடு வாங்க. மாணவர்கள் பேனாவோடு வாங்க.