சட்டம் எங்கே எழுதியிருக்கிறது?



சுவிஸுக்கு வந்த புதிதில் உங்களுக்கு ஆலோசனை சொல்ல நிறையப் பேர் வருவினம். "மேன்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கு, அவசரப்படாதைங்கோ" என்று ஒருவர் சொல்லுவார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வழக்கு நீண்ட நடைமுறையில் போயிருக்கும். அங்கே நிராகரிப்புக்கு 30 நாட்கள். ஆனால் 2019 மார்ச் 1 முதல் பல வழக்குகள் விரைவு நடைமுறையில் முடிகின்றன. அதிலே நிராகரித்தால் 7 வேலை நாட்கள்தான். சில முடிவுகளுக்கு இன்னும் குறைவு. அவருடைய கணக்கை நம்பியிருந்தால் உங்கள் காலம் முடிந்துவிடும்.

இது புகலிடச் சட்டத்தின் 108ஆவது பிரிவில் இருக்கு. அதை நீங்களே பார்க்கலாம், காசு இல்லை.

கூட்டாட்சி அரசின் சட்டங்கள் எல்லாம் ஃபெட்லெக்ஸ் என்ற அரச இணையத்தளத்தில் இருக்கின்றன. எஃப், இ, டி, எல், இ, எக்ஸ் என்று எழுதித் தேடுங்கோ. சட்டத்தின் பெயர் தெரியாவிட்டாலும் இலக்கம் போதும். புகலிடச் சட்டம் 142.31. வெளிநாட்டவர் சட்டம் 142.20. டொச், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றிலும் ஒரே இலக்கம்தான். மூன்றும் சம வலுவுள்ளவை. ஆங்கிலத்திலும் வாசிக்கலாம், ஆனால் அது விளக்கத்துக்கு மட்டுமே. சட்ட வலு இல்லை.

நான் ஆசிரியராக இருந்தபோது பிள்ளைகளிடம் முதலில் புத்தகத்தின் பதிப்பு ஆண்டைப் பார்க்கச் சொல்லுவேன். இங்கேயும் அதேதான். சட்டம் எந்தத் திகதி வரை திருத்தப்பட்டது என்று மேலே போட்டிருக்கும். நண்பர் தந்த பழைய போட்டோக்கொப்பியில் பழைய சட்டம் இருக்கலாம்.

இன்னொன்று. சமூக உதவிப் பணம் போன்றவற்றின் விபரம் பெரும்பாலும் மாநிலச் சட்டத்தில்தான் இருக்கும். 26 மாநிலங்களுக்கும் தனித்தனித் தொகுப்பு உண்டு. அதை ஃபெட்லெக்ஸில் தேடிக் களைக்க வேண்டாம்.

கடைசியாக, சட்டத்தை வாசிப்பது சட்டத்தரணிக்குப் பதிலாகாது. கூட்டாட்சிப் புகலிட நிலையங்களில் இலவசச் சட்ட உதவி உண்டு. முடிவுக் கடிதம் வந்தால் அதன் கடைசிப் பக்கங்களைப் பாருங்கோ. எத்தனை நாளுக்குள், எந்த நீதிமன்றத்துக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். அன்றைக்கே அதை உங்கள் சட்டப் பிரதிநிதியிடம் கொண்டு போங்கோ. ஆராவது "பிறகு பார்க்கலாம்" என்றால், "எந்தப் பிரிவிலே எழுதியிருக்கு?" என்று கேளுங்கோ.