தொண்டூழியத்திற்கு அரசியல் ஆதரவு: கேட்க வேண்டியதைக் கேட்போம்



பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத நம்மவர்களுக்காகத் தொண்டூழியர்கள் பல இடங்களில் உழைத்து வருகிறார்கள். பாரம் நிரப்பித் தருகிறார்கள். பதிவிலாகாவுக்கு அழைத்துச் செல்கிறார்கள். சாட்சிகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஆனால், குடியுரிமை கொடுக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்படி, சிறப்புச் சூழ்நிலையில் ஒரு பிள்ளையைக் குடிமகனாகப் பதியும் அதிகாரம் அரசாங்கத்திடம்தான் உள்ளது. ஆகவே அரசியல்வாதிகளின் ஆதரவை நாடித்தான் ஆக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளர்களாகச் சேர்க்கப்படுகிறார்கள். குடியுரிமை இல்லாதவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஓட்டு இல்லாதவர் ஒய்.பி.யின் கண்ணில் படுவது அரிது. ஆகவே ஓட்டு உள்ள நாம்தான் அவர்களுக்காகப் பேச வேண்டும்.

இதுவரை ஒய்.பி.யிடம் நாம் கேட்டது என்ன? கூடாரம், நாற்காலி, தீபாவளி அன்பளிப்பு, மானியம். கொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். இனி நான்கு காரியங்களைக் கேட்போம்.

ஒன்று, அவருடைய சேவை மையத்தில் மாதம் ஒரு நாளை இந்த வேலைக்கென்றே ஒதுக்க வேண்டும்.

இரண்டு, பதிவிலாகாவின் நடமாடும் சேவையை நம் தோட்டத்திற்கும் தாமானுக்கும் வரவழைக்க வேண்டும்.

மூன்று, தந்தை குடிமகனாக இருந்தும், தாய் வெளிநாட்டவராக இருந்து, திருமணம் பதியப்படாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயின் வழியே பார்க்கப்படுகிறது. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில் ஆலயக் குருக்களையும் துணைப் பதிவாளராக நியமிக்க இடம் உண்டு. நம் வட்டார ஆலயங்களுக்கு அந்த நியமனம் கிடைக்க அவர் துணை நிற்க வேண்டும்.

நான்கு, எத்தனை விண்ணப்பங்கள் நிலுவையில் உள்ளன, நிராகரிக்கப்பட்டவற்றுக்குக் காரணம் என்ன என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப வேண்டும்.

தோழர்களே, வெறுங்கையோடு போகாதீர்கள். "எங்கள் ஆட்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்றால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். எத்தனை பேர், எந்தத் தேதியில் விண்ணப்பித்தார்கள், என்ன பதில் வந்தது என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் போய்க் கேளுங்கள். ஆனால் பெயர்ப் பட்டியலும் பத்திரங்களின் நகல்களும் நம் குழுவிடமே இருக்கட்டும். சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் எந்தக் கட்சிக்காரரிடமும் கொடுக்கக்கூடாது.

கட்சிச் சட்டை போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஊராட்சித் தேர்தல் 1965ல் நிறுத்தப்பட்டது. நகராண்மைக் கழக உறுப்பினர்கள் இன்றும் மாநில அரசின் நியமனத்தில் வருபவர்களே. ஆட்சி மாறினால் அவர்களும் மாறுவார்கள். ஒரு கட்சியை மட்டும் நம்பிய குழு, அன்றைக்கே கதவடைத்துக்கொள்ள வேண்டியதுதான். வென்றவரிடமும் போங்கள், தோற்றவரிடமும் போங்கள். இருவருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள்.

அடையாள அட்டை சலுகை அல்ல, இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவரின் உரிமை. அதைப் பெற்றுத் தரும் வேலையில் ஆதரவு கேட்பது பிச்சை எடுப்பதல்ல. நிமிர்ந்து நின்று கேட்போம்.