காய்ச்சற் பிள்ளையும் சிறு போத்தலும்

பேச வராத பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், நோவு எங்கே என்று அது சொல்லப்போவதில்லை. இருமல் இருந்தால் நெஞ்சைப் பார்க்கலாம். மூக்கொழுகினால் தடிமன் என்று ஆறலாம். காதைப் பிசைந்தால் காதுக்குத்தென ஊகிக்கலாம். இவற்றுள் ஒன்றுமின்றி உடம்பு மாத்திரம் அனலாய்க் கொதிக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடிவீடொன்றின் கூடத்தில் இரவு முழுதும் உலாவும் தாய்க்கு முதலில் எழும் ஐயம் பெரும்பாலும் ஒன்றே: டெங்குவோ?

அந்த அச்சம் நியாயமானது. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளரென அறிவிக்கப்பட்டனர். கொழும்பு மாவட்டம் அவ்வருடம் பெரிதும் அடிபட்டது. ஆகவே காய்ச்சல் என்றதும் இரத்தம் சோதிப்பது இந்நகரத்தாருக்குப் பழகிப்போயிற்று. ஆயின் இரத்தச் சோதனையில் டெங்குவுக்கு அடையாளமில்லை என்றதும் வீட்டார் பெருமூச்சு விட்டு, மிச்சத்தை மறந்துவிடுவதுண்டு. டெங்கு அன்று என்பது ஒரு விடை. காய்ச்சல் எதனால் என்பது வேறு கேள்வி. அக்கேள்விக்குரிய விடை சில வேளைகளில் பிள்ளையின் சிறுநீரிலே இருக்கின்றது.

வெளிப்படையான காரணமின்றிக் காய்ச்சலோடு வரும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பேரளவில் சிறுநீர்த் தொற்று காணப்படுகின்றது. இதை உண்டாக்குவது பெரும்பாலும் ஈ. கோலை என்னும் கிருமி. குழந்தை வைத்திய நிபுணராகிய தியோடர் எசெரிக் 1885இல் குழந்தைகளின் மலத்திற் கண்டு விவரித்ததும் இதுவே. குடலில் இருக்கும் வரை தொல்லை தராத இக்கிருமி, சலவாய் வழியே மூத்திரப்பைக்கு ஏறி, அங்கிருந்து சிறுநீரகத்துக்கும் போய்விட்டால் கடுங்காய்ச்சல் காய்கின்றது. பெண்பிள்ளைகளின் சலவழி குறுகியதாகையால் முதல் வயது கடந்தபின் அவர்களிடம் இது கூடுதல். சிகிச்சை பல நாள் தாமதித்தால் சிறுநீரகத்தில் ஆறாத தழும்பு விழலாம். அத்தழும்பு வளர்ந்தபின் இரத்த அழுத்தமாய்த் தலைகாட்டவும் கூடும். இரண்டு நாட் காய்ச்சல் இருபது வருடத்துக் கணக்காவது இப்படித்தான்.

அறிகுறிகளோ தெளிவற்றவை. சலம் கழிக்கையில் வீரிட்டழுதல், அடிக்கடி சொட்டுச் சொட்டாய்ப் போதல், சத்தி, உணவில் வெறுப்பு, காரணமற்ற சிணுங்கல் ஆகியன காணப்படலாம். காய்ச்சலைத் தவிர ஒன்றுமே காணப்படாதும் இருக்கலாம். சலம் மணக்கின்றது என்பதை மாத்திரம் கொண்டு நோயென்று முடிவு செய்வதும், மணக்கவில்லையென்று நோயை மறுப்பதும் பொருந்தா.

இவ்விடத்திலே பல வீடுகளில் நேரும் தவறு ஒன்றுண்டு. அக்காவுக்கோ அண்ணாவுக்கோ போன மாதம் வாங்கிய அன்ரிபயோட்டிக் பாணி, போத்தலின் அடியில் மிஞ்சிக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும். “ஒரு கரண்டி கொடுத்துப் பார், பிள்ளை” என்று பாட்டி சொல்வாள்; அன்பினாற் சொல்வதுதான். அந்த ஒரு கரண்டி சிறுநீரகத்து நோயைத் தீர்க்கப் போதாது. ஆனால் சிறுநீரிற் கிருமி வளராமற் செய்யப் போதும். பின்பு சோதனையில் கிருமி இல்லையென்று வரும். நோயோ உள்ளே இருக்கும். எனவே அன்ரிபயோட்டிக்கின் முதல் துளி வாய்க்குள் போகுமுன் சிறுநீர் போத்தலுக்குள் போகவேண்டும். பிள்ளை மிகவும் தளர்ந்து ஆபத்தான நிலையில் இருந்தால், மருந்தைக் காத்திருக்க வைப்பதா என்பதை வைத்தியரே தீர்மானிப்பார்.

சிறு பிள்ளையிடம் சிறுநீர் எடுப்பது பொறுமைக்கு ஒரு சோதனை. ஆய்வுகூடத்திலோ பாமசியிலோ கிருமி நீக்கிய போத்தலைப் பெற்று, மூடியின் உட்புறத்தை விரலால் தொடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையை நீரால் கழுவித் துடைத்து, குடிக்கக் கொடுத்து, பம்பர்ஸைக் கழற்றிவிட்டு மடியில் வைத்திருந்தால் அரை மணி, ஒரு மணி நேரத்துள் பெரும்பாலும் பலன் கிட்டும். முதலிற் பாய்வதை விட்டு நடுவிலே பிடிப்பது நன்று. “ஸ்ஸ்” என்று ஒலியெழுப்பி மூத்திரம் பெய்விக்கும் தாய்மாரின் பழைய வித்தையையும் கையாளலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் அடிவயிற்றை, குளிர்ந்த உப்புநீரில் நனைத்த துணியால் மெல்லத் தடவினால், ஐந்து நிமிடத்துள் நூற்றுக்கு 31 பேர் சலம் விட்டனர் என்றும், தடவாதோரில் 12 பேரே விட்டனர் என்றும் 2017இல் வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வு காட்டிற்று. ஒட்டும் பையிற் சேரும் சிறுநீரில் தோலின் கிருமிகள் கலந்துவிடும். அதிற் கிருமி இல்லையென்றால் நம்பலாம், உண்டென்றால் நம்புவதற்கில்லை. பம்பர்ஸைப் பிழிந்தெடுப்பது வீண்வேலை.

எடுத்த போத்தலை ஒரு மணி நேரத்துள் ஆய்வுகூடத்திற் சேர்க்கவேண்டும். ஈ. கோலை வெதுவெதுப்பில் இருபது நிமிடத்துக்கொரு முறை இரட்டிக்க வல்லது; காலி வீதி நெரிசலில் முச்சக்கரவண்டியிற் சிக்கிய போத்தலில் நாலு கிருமி நாலாயிரமாய்ப் பெருகிச் சோதனையைக் குழப்பிவிடும். தாமதமாகுமெனின் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பனிக்கட்டியோடு கொண்டுபோகலாம்.

இதற்கிடையே காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும். நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 மில்லிகிராம் வீதம், ஆறு மணி நேரத்துக்கொரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேற்படாமல் கொடுக்கலாம். ஐந்து மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியாயின் பத்துக் கிலோப் பிள்ளைக்கு ஆறு மில்லிலீற்றர் அளவாகும். பாணிகளின் செறிவு வேறுபடுவதால் போத்தலின் எழுத்தை வாசித்தே அளக்கவேண்டும். டெங்கு இல்லையென்று வைத்தியர் உறுதிசெய்யும் வரை ஐபியூபுரோபன், டைக்குளோபெனாக் முதலியன கூடா. அவை இரத்தப்போக்கை ஏற்படுத்தலாம். தாய்ப்பால், கஞ்சி, ஜீவனி, இளநீர் எதுவாயினும் சிறிது சிறிதாய் அடிக்கடி கொடுக்கலாம். கொத்தமல்லிக் குடிநீரை இளஞ்சூட்டிற் பருக்குவதாற் கெடுதியில்லை. ஆனால் அது கிருமியைக் கொல்லும் என்று இருந்துவிடலாகாது.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மூத்த பிள்ளையாயினும் ஓயாத சத்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், குளிர்ந்த கைகால்கள், ஆறு மணி நேரமாய்ச் சலம் போகாமை, இரத்தக்கசிவு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது. பொரளையில் லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை உண்டு. வெள்ளவத்தையாருக்குக் களுபோவிலைப் போதனா வைத்தியசாலை கிட்ட. இரண்டும் அரசாங்க வைத்தியசாலைகள். பணமில்லையே என்று தயங்க வேண்டியதில்லை.

கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு வர ஒன்றிரண்டு நாட் செல்லும். வைத்தியர் அதற்குமுன் ஒரு மருந்தைத் தொடங்கி, முடிவைப் பார்த்தபின் அதை மாற்றவும் கூடும். கிருமி எதற்கு மடியும், எதற்கு மடியாது என்பதை அச்சோதனையே காட்டுகின்றது. மருந்து தொடங்கி 48 மணி நேரமாகியும் காய்ச்சல் இறங்காவிடின் திரும்பப் போய்க் காட்டவேண்டும். இறங்கிவிட்டாலும் சொன்ன நாள்வரை மருந்து கொடுத்தே முடிக்கவேண்டும். பின்னர் ஸ்கான் எடுக்கச் சொன்னால், பிள்ளை விளையாடுகிறதே என்று தட்டிக்கழிப்பது தகாது. இந்நோய் கண்ட பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கினரிடம், மூத்திரப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும் குறையுண்டு. பலருக்கு அது வளர வளரத் தானே மாறுவதுமுண்டு. மலச்சிக்கலும் இந்நோயை மீண்டும் அழைப்பதாகையால் வயிற்றை இளக்கமாக வைத்திருக்கவேண்டும். சோதனை முடிவையும் கொடுத்த மருந்தின் பெயரையும், தடுப்பூசி விபரம் எழுதும் பதிவேட்டுக்குள்ளேயே வைத்திருந்தால், அடுத்த காய்ச்சலுக்குப் பார்க்கும் வைத்தியர் முதலிற் கேட்பது கையிலேயே இருக்கும்.