ஒலிம்பிக் கிராமத்தின் வாசலில்



1976ஆம் ஆண்டு கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஒலிம்பிக் நடந்தது. கரீபியன் கடலில் இருக்கும் ஆன்டிகுவா என்ற சின்னத் தீவு அந்த ஆண்டுதான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் காலடி வைத்தது. அந்த அணியின் அதிகாரபூர்வச் சிகிச்சையாளராக வந்தவர் ஓர் அமெரிக்கர், பெயர் லீராய் பெர்ரி. அவர் கைரோபிராக்டர். அவருடைய சொந்த நாட்டு அணியின் மருத்துவக் குழுவில் அன்றைக்குக் கைரோபிராக்டர்களுக்கு இடமே கிடையாது. ஒரு குட்டித் தீவு தன் அணியில் சேர்த்துக்கொண்டதால்தான் அவர் ஒலிம்பிக்குக்குள் அதிகாரபூர்வமாக நுழைய முடிந்தது.

உலகத்தரம் வாய்ந்த விளையாட்டு வீரர்களின் உடம்பைத் தொட்டுச் சிகிச்சை செய்யும் இந்தத் தொழிலுக்கு அங்கீகாரம் எப்படி வந்தது, எவ்வளவு வந்தது, எங்கே இன்னும் வரவேண்டும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

கைரோபிராக்டிக் என்றால் என்ன? முதுகெலும்பையும் மூட்டுகளையும் மருந்தோ அறுவையோ இல்லாமல் கையால் சரிப்படுத்த முயலும் முறை. மூட்டை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்து, சட்டென்று ஒரு சிறிய அழுத்தம் கொடுப்பார்கள். நாம் விரலில் நெட்டி முறிக்கும்போது வருகிற அதே 'டக்' சத்தம் வரும். எலும்பு விலகியிருந்து மறுபடி இடத்தில் உட்கார்ந்த சத்தம் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விரல் மூட்டை இழுக்கும்போது உள்ளே நடப்பதை எம்.ஆர்.ஐ. கருவியில் நேரடியாகப் படம்பிடித்து 2015இல் வெளியிட்டார்கள். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் திடீரென ஒரு வாயுக்குழி உண்டாகிறது. சத்தம் வருவது அந்தக் கணத்தில்தான். விளையாட்டு வீரர்களோடு வேலை செய்யும் ஒரு நல்ல கைரோபிராக்டர் இந்தச் சத்தத்தைப் பெரிதாக நினைக்கமாட்டார். தசையைத் தளர்த்துவது, டேப் ஒட்டுவது, உடற்பயிற்சி சொல்லித்தருவது, காயத்தின் தன்மை பார்த்து மருத்துவரிடம் அனுப்புவது என்று அவருடைய வேலை விரிந்தது.

இந்த முறையின் பிறப்பிலேயே ஒரு சிக்கல் இருந்தது. 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டாவன்போர்ட் என்ற ஊரில், டேனியல் டேவிட் பால்மர் என்பவர் ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகைச் சரிசெய்ததாகவும், அதனால் அவருக்குப் போன காது திரும்பக் கேட்டதாகவும் சொன்னார். பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பு விலகலே காரணம் என்று அதிலிருந்து ஒரு கொள்கையையே கட்டினார். அந்தப் பெரிய வாக்குறுதி இன்றுவரை இந்தத் தொழிலைத் துரத்துகிறது. உரிமமின்றி மருத்துவம் பார்த்தார் என்று 1906இல் பால்மர் சிறைக்கும் போனார். 1913இல் கன்சாஸ் மாநிலம் முதலில் உரிமச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்க மாநிலங்களில் கடைசியாக லூசியானா அதே காரியத்தைச் செய்தபோது ஆண்டு 1974 ஆகியிருந்தது. இடையில் 61 வருடங்கள்.

எதிர்ப்பு சாதாரணமானதல்ல. அமெரிக்க மருத்துவர் சங்கம் 1963இல் போலி மருத்துவத்துக்கு எதிராக ஒரு குழுவை அமைத்து, கைரோபிராக்டிக்கை ஒழிப்பதையே அதன் முக்கிய வேலையாக வைத்திருந்தது. மருத்துவர் ஒருவர் கைரோபிராக்டரிடம் நோயாளியை அனுப்பினால் அது தொழில் அறத்துக்கு விரோதம் என்றது சங்கத்தின் அன்றைய அறவிதி. இப்போது ஒரு தடகள அணியை நினைத்துப் பாருங்கள். ஒரே ஓட்டக்காரியின் முதுகுக்காக மருத்துவரும் கைரோபிராக்டரும் உட்கார்ந்து பேசவேண்டிய இடம் அது. பேசுவதே குற்றம் என்றால் நஷ்டம் அவளுக்குத்தான்.

1976இல், மான்ட்ரியால் ஒலிம்பிக் நடந்த அதே ஆண்டில், செஸ்டர் வில்க் என்ற கைரோபிராக்டரும் வேறு சிலரும் சிகாகோவில் வழக்குத் தொடர்ந்தார்கள். முதல் விசாரணையில் தோற்றார்கள், மேல்முறையீட்டில் மறுவிசாரணை பெற்றார்கள். 1987இல் நீதிபதி சூசன் கெட்செண்டானர், மருத்துவர் சங்கம் ஒரு தொழிலையே கட்டுப்படுத்தி ஒழிக்கச் சதி செய்தது என்று தீர்ப்பளித்தார். 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒன்றைக் கவனிக்கவேண்டும். கைரோபிராக்டிக் அறிவியல்படி சரியா தவறா என்று அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. போட்டியை நசுக்கியது சட்டவிரோதம், அவ்வளவுதான் தீர்ப்பு. இதைத் தங்கள் முறைக்குக் கிடைத்த சான்றிதழாக மேடையில் காட்டுபவர்கள் தீர்ப்பை முழுதாகப் படிப்பது நல்லது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1980இல், மருத்துவர் சங்கம் தன் அறவிதியைத் திருத்தி அந்தத் தடையை விலக்கியது. அதே 1980இல் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிடில் குளிர்கால ஒலிம்பிக். அமெரிக்க அணியின் மருத்துவக் குழுவில் முதன்முதலாக ஒரு கைரோபிராக்டர் இடம்பெற்றார். டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜார்ஜ் குட்ஹார்ட்.

இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். குட்ஹார்ட் 1964இல் 'அப்ளைடு கினிசியாலஜி' என்ற முறையை உருவாக்கியவர். கையைத் தள்ளிப்பார்த்து, தசையின் பலத்தைக் கொண்டு உடம்பில் எங்கே கோளாறு என்று சொல்லும் முறை அது. முறையாகச் சோதித்தபோது, நோயைக் கண்டுபிடிக்க அது நம்பத்தக்கது என்று நிரூபணமாகவில்லை. ஒலிம்பிக் அங்கீகாரம் ஒரு மனிதருக்குக் கிடைத்தது. அவருடைய கண்டுபிடிப்புக்கு அதனால் ஆதாரம் கிடைத்துவிடவில்லை. பதக்கம் வென்ற ஒருவர், என் கைரோபிராக்டருக்கு நன்றி என்று சொல்லும்போதெல்லாம் இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் வைத்திருக்கவேண்டும். வீரர் நன்றி சொல்வது உண்மையான நன்றிதான், ஆனால் அது ஆய்வு முடிவு அல்ல.

அப்படியானால் ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்பைக் கையால் சரிசெய்வது, உடற்பயிற்சி போன்ற மற்றச் சிகிச்சைகள் அளவுக்குப் பலன் தருகிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் மருந்தில்லாச் சிகிச்சைகளுள் அதுவும் ஒன்று. பிரிட்டனின் 2016 வழிகாட்டி இன்னும் கறாரானது: உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் செய்யவேண்டும். இந்தச் சிகிச்சையால் ஓட்ட வேகம் கூடும், தாண்டும் உயரம் கூடும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அரிதுதான், ஆனால் இருபத்திரண்டு வயது வீரருக்கு அது நேர்ந்தால் அரிது என்ற சொல்லால் என்ன ஆறுதல்?

இவ்வளவு சொன்ன பிறகும், இவர்களுக்கு அணியில் முறையான இடம் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். வலி மாத்திரையை நம்பியே ஒரு பருவத்தை ஓட்டும் வீரர்கள் எத்தனை பேர்! போட்டிக்கு முந்தைய நாள் முதுகு பிடித்துக்கொண்டால், ஊக்கமருந்துப் பட்டியலைப் பார்த்துப் பயந்து பயந்து மருந்து எடுப்பதைவிட, பயிற்சி பெற்ற ஒரு கை முதலில் உதவட்டுமே. வீரர்கள் ஏற்கெனவே அவர்களைத் தேடிப் போகிறார்கள். ஒளிந்து போவதைவிட அணி மருத்துவருக்குத் தெரிந்து போவதே பாதுகாப்பு.

ஒலிம்பிக்கில் ஒவ்வொரு நாட்டுக்கும் வீரர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் அதிகாரிகளுக்கான அனுமதி அட்டைகள் கிடைக்கும். பயிற்சியாளர், மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், மேலாளர் எல்லாரும் அந்தக் கணக்குக்குள்தான். சின்ன நாடு கைரோபிராக்டரைக் கூட்டிவர ஏது அட்டை? அதனால்தான் 2010இல் வான்கூவரிலும் 2012இல் லண்டனிலும், போட்டியை நடத்திய நாடே, வீரர்கள் தங்கும் ஒலிம்பிக் கிராமத்தின் மருத்துவமனையில் கைரோபிராக்டர்களை வைத்தது பெரிய மாற்றம். எந்த நாட்டு வீரரும் போகலாம். அதே கூரையின் கீழ் எலும்பு மருத்துவரும் ஸ்கேன் வசதியும் உண்டு. சந்தேகம் என்றால் சில நிமிடங்களில் இன்னொருவர் பார்த்துவிடலாம். நான் இதைத்தான் அங்கீகாரம் என்பேன். அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் விளையாட்டு மருத்துவப் பிரிவுக்கே வில்லியம் மொரோ என்ற கைரோபிராக்டர் தலைமை தாங்கிய காலமும் வந்தது.

1987இல் தொடங்கி இன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து இயங்கும் சர்வதேச விளையாட்டு கைரோபிராக்டிக் கூட்டமைப்பு, தனிப் பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. ஆனால் சங்கம் தரும் சான்றிதழ் வேறு, சட்டம் தரும் பதிவு வேறு. பிரிட்டனில் 1994இல் தனிச் சட்டமே வந்தது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தன்னைக் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொண்டால் அங்கே குற்றம். புகார் வந்தால் விசாரணை, தவறு உறுதியானால் பெயர் நீக்கம். ஆஸ்திரேலியாவில் 2010 முதல் மருத்துவர்களைப் பதிவுசெய்யும் தேசிய அமைப்பே இவர்களையும் பதிவுசெய்கிறது. மருத்துவப் பின்னணி இல்லாதவர் இந்தத் தொழிலுக்கு வரக் குறைந்தது 4,200 மணி நேரப் படிப்பு வேண்டும், அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்திருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் வரையறுத்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளும் வீரரோடு வேலை செய்யும் சிகிச்சையாளர்களைக் கட்டுப்படுத்துகின்றன. உரிமை கேட்பவர் பொறுப்பையும் சுமக்கிறார்.

நம் இந்தியாவில்? 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் பிசியோதெரபிக்குத் தனிப் பிரிவு உண்டு, கைரோபிராக்டிக்குக் கிடையாது. வெளிநாட்டில் பல வருடம் படித்து வந்தவரும், கைபேசியில் காணொளி பார்த்துக் கற்றவரும் ஒரே பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். முறையாகப் படித்தவருக்கு இது அநீதி. மாவட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு இது ஆபத்து.

அதனால் பெற்றோர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எங்கே படித்தீர்கள், எந்த நாட்டில் பதிவு பெற்றீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் கோபித்துக்கொள்ளமாட்டார். அவரும் உங்களைக் கேட்கவேண்டும்: கை கால் மரத்துப்போகிறதா, தலைசுற்றல் உண்டா, பார்வை இரட்டையாகத் தெரிகிறதா, சமீபத்தில் விழுந்தீர்களா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? இவை எதையும் கேட்காமல் நேராகப் பிள்ளையின் கழுத்தைப் பிடித்தால், அங்கேயே நிறுத்தச் சொல்லி எழுப்பி அழைத்து வந்துவிடுங்கள்.